வெயிலில் திறக்கும் இருட்டறை

கல்யாண வரவேற்புகளில் இப்போது இன்ஸ்டாக்ஸ் கேமரா தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் வெள்ளை ஓரம் வைத்த ஒரு சின்ன அட்டை கிர்ரென்று வெளியே வரும். முதலில் அதில் ஒன்றும் தெரியாது. ஓரிரு நிமிடத்தில் முகங்கள் எழும். படம் தானாக வருகிறதே என்றுதான் எல்லோரும் வியக்கிறார்கள். அதைவிடப் பெரிய வியப்பு ஒன்று அங்கே இருக்கிறது. அந்த அட்டை வெளியே வருவது பட்டப்பகல் வெளிச்சத்துக்கு. ஃபிலிம் ரோல் காலத்தை அறிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். கழுவாத ரோலில் ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் எல்லாம் போச்சு. அதனால்தான் ஸ்டுடியோக்காரர்கள் ரோலைக் கும்மிருட்டிலும், அச்சுத்தாளைச் சிவப்பு விளக்கின் கீழும் வைத்துக் கழுவினார்கள். அப்படியிருக்க, இன்னும் முழுதாகக் கழுவப்படாத ஒரு படம் திண்டுக்கல் வெயிலில் கிடந்தும் ஏன் கெட்டுப்போவதில்லை?

பழைய போலராய்டு கேமராக்களைத் தேடிப் பிடித்துப் பழுது நீக்கி, தேவைக்கு ஏற்ப மாற்றியமைப்பது உலகம் முழுக்கப் பலர் செய்யும் பொழுதுபோக்கு. அதில் இறங்குபவருக்கு இந்தப் புதிரின் விடைதான் முதல் பாடம் என்பது என் கருத்து. கேமராவின் எந்த உறுப்பு எதற்காக இருக்கிறது, எது கெட்டால் படம் எப்படிக் கெடும், எதில் கை வைக்கலாம் என்பதெல்லாம் அந்த விடையிலிருந்துதான் விளங்கும்.

சாதாரண ஃபிலிமிலிருந்து தொடங்குவோம். ஜெலட்டின் படலத்துக்குள் வெள்ளி ஹாலைடு என்னும் உப்பின் நுண்படிகங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒளி பட்ட படிகத்தில் ஒருசில வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்கின்றன. கண்ணுக்கு எதுவும் தெரியாது. டெவலப்பர் எனப்படும் உருத்துலக்கிக் கரைசல் அந்தச் சில அணுக்களைத் தொடக்கமாகப் பிடித்துக்கொண்டு முழுப் படிகத்தையும் கருப்பு வெள்ளித்துகளாக மாற்றிவிடும். ஒளி படாத படிகங்களை அது இப்போதைக்குத் தொடாது. அவற்றை அடுத்த குளியலான ஹைப்போ கரைசல் கரைத்து எடுத்துவிடும். இந்த இரண்டு குளியலும் முடியும்வரை இருட்டு வேண்டும். கொடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் பதிவுசெய்து வந்த படங்களும் இதே குளியல்களில் இறங்கி ஏறியவைதான்.

இருட்டறையைக் கையோடு தூக்கிச் செல்லும் வழியை இந்தியத் தெருக்கள் முன்பே அறிந்திருந்தன. மினிட் கேமரா என்று அழைக்கப்பட்ட மரப்பெட்டிக் கேமரா அதுதான். பெட்டிக்குள்ளேயே டெவலப்பர் தட்டும் ஹைப்போ தட்டும் இருக்கும். படம்பிடிப்பவர் துணி உறை வழியாகக் கையை உள்ளே விட்டுத் தடவித் தடவியே தாளைக் கழுவுவார். முதலில் கிடைக்கும் எதிர்ப்படத்தை மறுபடி படம்பிடித்தால் நேர்ப்படம். ஜெய்ப்பூரில் ஹவா மஹாலுக்கு எதிரே இப்படி ஒரு கேமராவை ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக அண்மைக்காலம் வரை இயக்கிவந்தது.

போலராய்டு நிறுவனர், அமெரிக்கர் எட்வின் லேண்ட் செய்தது இதற்கு அடுத்த படி. 1943-இல் சாண்டா ஃபே நகரில் விடுமுறையில் இருந்தபோது, எடுத்த படத்தை இப்போதே ஏன் பார்க்க முடியாது என்று அவருடைய மூன்று வயது மகள் கேட்டாள். அன்றைக்கே தொடங்கிய சிந்தனை, 1947 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் அறிவியலாளர்கள் முன் செயல்விளக்கமாக வந்தது. 1948 நவம்பரில் பாஸ்டன் நகரக் கடையொன்றில் முதல் கேமரா விற்பனைக்கு வந்தது. மினிட் கேமரா இருட்டறையைப் பெட்டிக்குள் வைத்தது என்றால், லேண்ட் அதைத் தாளுக்குள்ளேயே வைத்தார். டெவலப்பர் பசை ஒரு சிறு உறையில் தாளின் ஓரத்தில் இருக்கும். எதிர்ப்படத் தாளும் நேர்ப்படத் தாளும் முகத்தோடு முகம் ஒட்டி இரண்டு எஃகு உருளைகளுக்கு இடையே நசுங்கி வரும். உறை வெடித்துப் பசை இரண்டுக்கும் நடுவில் பரவும். ஒரு நிமிடம் பொறுத்துப் பிரித்தால் படம் தயார். தாள்களின் முதுகே வெளிச்சத்தை மறைத்துக்கொண்டதால் இந்தப் பிரித்தெடுக்கும் வகையில் நம் புதிர் எழவே இல்லை. புதிர் பிறந்தது 1972-இல், எஸ்.எக்ஸ்.-70 என்ற மடிக்கும் கேமராவோடு. அதில் பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒளியைப் பதிவுசெய்த முகமே வானத்தைப் பார்த்தபடி வெளியே வந்தது.

விடை நம் வீட்டு ஆரத்தித் தட்டில் இருக்கிறது. மஞ்சள் கரைத்த நீரில் துளி சுண்ணாம்பு சேர்த்ததும் அது செக்கச் செவேலென்று ஆகிறது. அதிலேயே எலுமிச்சை பிழிந்தால் பழைய மஞ்சள் திரும்புகிறது. சாயம் எங்கும் போகவில்லை, புதிதாக வரவும் இல்லை. அதன் மூலக்கூறு, சூழலில் காரம் இருந்தால் ஒரு வடிவத்தையும், காரம் அடங்கினால் வேறொரு வடிவத்தையும் எடுக்கிறது. இரண்டு வடிவங்களும் ஒளியை விழுங்கும் விதம் வேறு. இதே குணமுள்ள சாயங்களைத்தான் போலராய்டு வேதியியலாளர்கள் உருவாக்கிப் பசையில் கலந்தார்கள். மஞ்சளுக்கு இரண்டு நிலையிலும் நிறம் உண்டு. இந்தச் சாயங்களோ கடுங்காரத்தில் அடர்ந்த கருநிறம், காரம் குறைந்தால் நிறமே இல்லை. இவற்றை ஒளிமறைப்பி என்று சொல்லலாம். பசையின் அடிப்படை பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சோப்புக் காரத்தின் நெருங்கிய உறவு, தோலை அரிக்கக்கூடியது. கூடவே டைட்டேனியம் டை ஆக்சைடு, சுவர்ப் பெயின்டுக்கு வெண்மை தரும் அதே பொடி.

இப்போது நடப்பதைப் பார்க்கலாம். போலராய்டு அட்டை உருளைகளுக்குள் நுழையும் கணத்தில் பசை, தலைமுடி அளவுத் தடிமனில் உள்ளே பரவுகிறது. ஒளிமறைப்பி உடனே கருத்து, கீழே இருக்கும் ஒளியுணர் படலங்களுக்கு மேல் திரை போட்டுவிடுகிறது. முதுகுப்பக்கம் ஏற்கெனவே கருப்பு. ஆக, வெயிலில் கிடக்கும் அட்டைக்குள்ளே ஓர் இருட்டறை உருவாகிவிட்டது. அதனுள் உருத்துலக்கம் நடந்துகொண்டிருக்கும்போது, காரம் மெல்ல மெல்ல ஒரு தாமதப் படலத்தின் வழியே கசிந்து அதற்கு அப்பால் இருக்கும் அமிலப் படலத்தை எட்டுகிறது. அங்கே காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடக்குகின்றன. ஆரத்தியில் எலுமிச்சை பிழியும் கட்டம் அது. திரை நிறமிழக்கிறது, உள்ளே முடிந்துபோன படம் வெளியே தெரிகிறது. தாமதப் படலத்தின் தடிமன்தான் கடிகாரம். எலுமிச்சை முந்தினால் வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும். பிந்தினால் நிறங்கள் அளவுக்கு மீறி நகர்ந்துவிடும்.

நிறம் எப்படி வருகிறது? 1963-இல் வெளிவந்த வண்ணப் போலராய்டுக்காக அந்நிறுவன ஆய்வாளர் ஹோவர்ட் ராஜர்ஸ் பல்லாண்டு உழைத்துக் கண்ட வழி அது. சாயத்தையும் உருத்துலக்கியையும் ஒரே மூலக்கூறாகக் கோத்துவிட்டார். அந்த மூலக்கூறு ஒளி பட்ட வெள்ளிப் படிகத்தைச் சந்தித்தால், அதைத் துலக்கிவிட்டு அங்கேயே சிக்கிக்கொள்ளும். சந்திக்காத மூலக்கூறுகள் தடையின்றிக் காரத்தில் மிதந்து மேலேறி, படம் ஏற்கும் படலத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நீல ஒளி பட்ட இடத்தில் மஞ்சள் சாயம் சிறைப்படும். பச்சை பட்ட இடத்தில் மெஜந்தாவும், சிவப்பு பட்ட இடத்தில் சையானும் சிறைப்படும். தப்பிவந்தவை சேர்ந்து மூல நிறத்தைத் தருகின்றன. ஒளி எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம் சாயத்துக்குக் கதவடைப்பு. அதனால்தான் எதிர்ப்படம் என்ற தனிக் கட்டம் இல்லாமல் நேராகவே நேர்ப்படம் கிடைக்கிறது.

இதையெல்லாம் காப்புரிமை ஆவணத்தைப் படித்துத்தான் நம்ப வேண்டும் என்பதில்லை. கெட்டுப்போன ஒரு போலராய்டு அட்டை கிடைத்தால், கையுறை போட்டுக்கொண்டு அதன் ஓரத்தை வெட்டி மேல்தாளையும் கீழ்த்தாளையும் பிரித்துப் பாருங்கள். நடுவே வெண்பொடிப் படலம் இருக்கும். அது மேல்தாளோடு வந்த இடத்தில் படம், கீழே இருண்ட எதிர்ப்படம். புதிதாக நசுக்கிய பசையில் சிவப்பு லிட்மஸ் தாளை வைத்தால் சட்டென்று நீலமாகும். மாதங்கள் கழிந்த படத்தில் அந்தக் காரம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். படத்தின் மேல்படலத்தை வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய சவ்வாக உரித்து வேறு தாளில் ஒட்டும் கலையே ஒன்று இருக்கிறது. படம் எந்தப் படலத்தில் குடியிருக்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. படத்தை உதறினால் சீக்கிரம் வரும் என்ற நம்பிக்கையும் இங்கே கலைந்துவிடும். உள்ளே எல்லாம் மூடிய அட்டைக்குள் நடப்பதால் உதறுவது எதையும் விரைவுபடுத்தாது, படலங்களைப் பிளந்து வேண்டுமானால் விடலாம். பிரித்தெடுக்கும் வகைப் படங்கள் ஈரத்தோடு வந்தபோது காயவைக்க உதறிய பழக்கம் தொடர்கிறது, அவ்வளவுதான்.

இருட்டறை தாளுக்குள் போய்விட்டதென்றால் கேமராவுக்கு மிஞ்சும் வேலை என்ன? ஒளியை அளந்து விடுவது, அட்டையைச் சீராக நசுக்குவது. பழைய கேமராவின் நோய்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வேலைகளில் ஒன்று தவறுவதுதான்.

உருளைகளில் தொடங்குங்கள். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கசிந்த பசை அவற்றின் மேல் காய்ந்து பக்காகக் கிடக்கும். அந்தத் துளியளவு மேடு உருளை சுற்றும் ஒவ்வொரு முறையும் அட்டையை அழுத்துவதால், படத்தில் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பப் புள்ளிகள் விழும். புள்ளிகளின் இடைவெளியையும் உருளையின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் குற்றவாளி உருளைதான் என்று உறுதி. ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்தால் போதும். கத்தியால் சுரண்டக் கூடாது, எஃகில் கீறல் விழுந்தால் அதுவே நிரந்தரப் புள்ளியாகிவிடும்.

அடுத்தது மின்கலம். எஸ்.எக்ஸ்.-70 வகைக் கேமராக்களில் மின்கலம் கேமராவிலேயே இல்லை, ஃபிலிம் பேக்கின் அடியில் தட்டையாக 6 வோல்ட் கலம் இருக்கும். அதனால் காலாவதியான பேக்கோடு வரும் கேமரா செத்தது போலவே தோன்றும். பலர் அதைக் குப்பை என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். இன்றைய எஸ்.எக்ஸ்.-70 ஃபிலிமோ, 600 என்ற இன்னொரு போலராய்டு வகை ஃபிலிமோ தீர்ந்த பிறகும் அந்தப் பேக்கின் மின்கலத்தில் தெம்பு மிச்சமிருக்கும். காலிப் பேக்கை வீசாமல் வைத்திருந்தால் பழைய கேமராக்களைச் சோதிக்க அதுவே கருவி. 1963-இல் வந்த ஆட்டோமேட்டிக் 100 போன்ற பிரித்தெடுக்கும் வகைக் கேமராக்களுக்கோ தனியே 4.5 வோல்ட் கலம் வேண்டும், அது கடைகளில் எளிதில் கிடைக்காது. மூன்று டிரிபிள்-ஏ கலங்களைத் தொடராக இணைத்தால் அதே 4.5 வோல்ட். இந்தப் பொழுதுபோக்கில் பலரும் செய்யும் முதல் மாற்றம் இதுதான். பழைய கலம் கசிந்து முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். ஆல்கலைன் கலத்திலிருந்து கசிவதும் அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான்.

மடிப்புத் துருத்தியில், அதாவது பெல்லோஸில், ஊசித்துளை இருந்தால் ஒவ்வொரு படத்திலும் வெளிறிய கறை விழும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, துருத்திக்குள் ஒரு டார்ச்சை வைத்து வெளியிலிருந்து பார்த்தால் துளைகள் தாமே காட்டிக்கொடுக்கும். வளையக்கூடிய கருப்புப் பூச்சால் அடைத்துவிடலாம். ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. உள்ளேயே ஃபிளாஷ் பொருத்திய 600 வகைக் கேமராக்களைக் கற்றுக்கொள்ளும் காலத்தில் திறக்கவே வேண்டாம். ஃபிளாஷுக்கான மின்தேக்கி (கெப்பாசிட்டர்), மின்கலத்தை எடுத்த பிறகும் சில நூறு வோல்ட் மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

ஒளியை அளக்கும் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் கணிப்பொறிச் சில்லு எதுவும் தேவைப்படவில்லை. லென்ஸுக்குப் பக்கத்தில் ஓர் ஒளியுணரி இருக்கும். வெளிச்சம் கூடக் கூட அது கூடுதல் மின்னோட்டத்தை விடும். அந்த மின்னோட்டம் ஒரு மின்தேக்கியை நிரப்புகிறது. ஷட்டர் திறக்கும் அதே கணத்தில் நிரப்புதல் தொடங்கும். குறிப்பிட்ட அளவு நிரம்பியதும் ஒரு மின்காந்தத்தின் வழியே ஷட்டர் மூடிவிடும். வெயிலில் மின்தேக்கி சட்டென நிரம்புவதால் ஷட்டர் நொடியில் சிறு பங்குதான் திறந்திருக்கும். மங்கிய அறையில் நிரம்ப நேரமாகும், அவ்வளவு நேரமும் ஷட்டர் காத்திருக்கும். ஒளியின் அளவு நேரத்தின் அளவாக மாறிவிட்டது. எஸ்.எக்ஸ்.-70 இந்த வழியில் சுமார் 14 விநாடி வரைகூடக் காத்திருக்கும்.

இதைச் சோதிக்க ஃபிலிமை வீணாக்க வேண்டாம். ஆட்டோமேட்டிக் வகைக் கேமராவின் ஒளியுணரியை வெளிச்சத்துக்குக் காட்டிப் பொத்தானை அழுத்தினால் திறக்கும் ஒலியும் மூடும் ஒலியும் ஒன்றாகவே கேட்கும். உணரியை விரலால் மூடி அழுத்தினால் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விழும். விழாவிட்டால் அந்த மின்சுற்று வேலை செய்யவில்லை. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கைப்பேசியின் ஸ்லோ மோஷன் இருக்கிறது. விநாடிக்கு 240 சட்டகம் எடுக்கும் நிலையில் ஷட்டரைப் படம்பிடித்து, அது திறந்திருந்த சட்டகங்களை எண்ணுங்கள். எட்டுச் சட்டகம் என்றால் விநாடியில் முப்பதில் ஒரு பங்கு.

இந்தச் சுற்று புரிந்ததும் மாற்றியமைப்பதற்கான வாசல் திறந்துவிடும். எஸ்.எக்ஸ்.-70 பேக்கின் ஒளியுணர் வேகம் இன்று ஐ.எஸ்.ஓ. 160 அளவில் இருக்கிறது, 600 பேக்கின் வேகமோ 640. நான்கு மடங்கு வேகமான ஃபிலிமைப் பழைய கேமராவில் போட்டால் அதற்குத் தேவையானதைப் போல் நான்கு மடங்கு ஒளி விழுந்து படம் வெளுத்துவிடும். வழிகள் இரண்டு. நான்கில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் சாம்பல்நிற வடிகட்டியை லென்ஸின் மேல் ஒட்டலாம். அது எளிது, வேண்டாதபோது எடுத்தும் விடலாம். இன்னொன்று, ஒளியளவிச் சுற்றில் இருக்கும் மின்தேக்கியை எடுத்துவிட்டு ஏறக்குறைய கால் பங்கு கொள்ளளவு உள்ளதைப் பற்றவைப்பது. சின்ன மின்தேக்கி சீக்கிரம் நிரம்பும், ஷட்டர் சீக்கிரம் மூடும். நான் இரண்டாவதன் பக்கம். வடிகட்டி லென்ஸில் இருந்தால் மாலை வெளிச்சத்தில் ஒளியைக் கொட்டிவிட்டுப் பிறகு கை நடுங்கப் படமெடுக்க வேண்டியிருக்கும். மின்தேக்கியை மாற்றியவருக்கோ அதே மாலையில் ஷட்டர் வேகமாக அடித்து நடுக்கமில்லாத படம் கிடைக்கும். ஃபிலிமின் வேகம் முழுவதும் பயனாகிறது.

சில மாற்றங்கள் ஃபிலிமின் வரலாற்றால் திணிக்கப்பட்டவை. 2008-இல் போலராய்டு நிறுவனம் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஷெடே நகரில் எஞ்சியிருந்த தொழிற்சாலையின் இயந்திரங்களை ஃப்ளோரியன் காப்ஸ், ஆந்த்ரே போஸ்மன் ஆகியோர் தலைமையில் ஒரு சிறு குழு மீட்டெடுத்தது. ‘இம்பாசிபிள் புராஜெக்ட்’ என்று பெயர். இயந்திரம் இருந்தது, ஆனால் பழைய மூலப்பொருள்களில் பல உலகில் எங்குமே தயாரிக்கப்படவில்லை. வேதியியலை ஏறக்குறைய முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. 2010-இல் அவர்களுடைய முதல் ஃபிலிம் வந்தபோது அதன் பலவீனம் எது தெரியுமா? ஒளிமறைப்பிதான். கருப்புத் திரை போதுமான அளவு கருப்பாக இல்லை. வெளியே வந்த முதல் சில விநாடிகளில் வெளிச்சம் பட்டாலே படம் கெட்டது. ஆர்வலர்கள் கேமராவின் வாயில் கருப்பு அட்டையை ஒட்டிப் படத்தை மறைத்தார்கள். பிறகு, படத்தோடு சேர்ந்து நீண்டு பின் தானே சுருளும் கருப்புத் தகடு துணைக்கருவியாக வந்தது. ‘தவளை நாக்கு’ என்று அதற்குப் பெயர். ஒரு சாயத்தின் குறையை ஈடுகட்டக் கேமராவே மாற்றியமைக்கப்பட்டது. இன்றைய ஃபிலிம் எவ்வளவோ தேறிவிட்டது, போலராய்டு என்ற பெயரும் அவர்களிடமே வந்துவிட்டது. இருந்தாலும் படம் வெளியே வரும் கணத்தில் நேர்வெயிலை மறைப்பது இப்போதும் நல்லது.

என்ஷெடேவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் உதகமண்டலம் நினைவுக்கு வந்து மனம் கனக்கிறது. தூசியில்லாத குளிர்காற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த மலையில் 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கருப்புவெள்ளை ஃபிலிமும் அச்சுத்தாளும் எக்ஸ்ரே ஃபிலிமும் தந்தது. வெள்ளி உப்பையும் ஜெலட்டினையும் இருட்டில் சீராகப் பூசத் தெரிந்த கைகள் தமிழ்நாட்டில் இருந்தன. அந்த ஆலை மூடியபோது காப்பாற்ற ஒரு சிறு குழு வரவில்லை.

பிரித்தெடுக்கும் ஃபிலிமின் கதையும் சோகம்தான். கடைசியாகப் பெரிய அளவில் தயாரித்துவந்த ஃபியூஜிஃபிலிம் 2016-இல் நிறுத்திவிட்டது. நல்ல கண்ணாடி லென்ஸ் உள்ள அந்தக் கேமராக்களை என்ன செய்வது? எளிதாகக் கிடைக்கும் இன்ஸ்டாக்ஸ் ஃபிலிமுக்கு மாற்றுவதுதான் இப்போதைய வழி, அதற்கான பின்பாகங்கள் விற்பனைக்கும் வருகின்றன. எஸ்.எக்ஸ்.-70-இல் ஏன் இதைச் செய்வதில்லை? அளவு ஒரு காரணம். அழகான காரணம் வேறு. போலராய்டு அட்டை எந்த முகத்தில் ஒளியை வாங்குகிறதோ அதே முகத்தில்தான் படத்தைக் காட்டுகிறது. லென்ஸ் தரும் பிம்பத்தை லென்ஸின் பக்கமிருந்து பார்த்தால் இடவலம் மாறித்தான் இருக்கும், கடைப்பலகை எழுத்தெல்லாம் திரும்பி விழும். அதைத் திருத்த எஸ்.எக்ஸ்.-70-க்குள் முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்று சாய்வாக நின்று பிம்பத்தை இன்னொரு முறை புரட்டுகிறது. இன்ஸ்டாக்ஸ் அட்டையோ முதுகில் ஒளியை வாங்கி முகத்தில் படத்தைக் காட்டுகிறது, கண்ணாடி வேண்டாம். பழைய பிரித்தெடுக்கும் வகைக் கேமராக்களில் கண்ணாடி இல்லை. ஆகவே இன்ஸ்டாக்ஸ் அவற்றோடு ஒட்டும், எஸ்.எக்ஸ்.-70-ஓடு ஒட்டாது. ஃபிலிம் வாங்கும் முன் கேமராவுக்குள் கண்ணாடி இருக்கிறதா என்று பார்ப்பது பணத்தைக் காப்பாற்றும்.

எஸ்.எக்ஸ்.-70-இன் வெளிப்புறத்தில் அசல் தோல் ஒட்டியிருந்தார்கள். ஐம்பதாண்டில் அது வறண்டு பொடிப்பொடியாக உதிர்கிறது, அடியில் இருக்கும் பசை பிசுபிசுக்கிறது. பழையதைச் சுரண்டியெடுத்து, மெல்லிய ஆட்டுத்தோலை அளவாக வெட்டி ஒட்டுவது சீரமைப்பில் ஓர் அங்கம். ஆட்டுத்தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்போன திண்டுக்கல்லில் இருப்பவருக்கு மூலப்பொருளுக்குக் குறைவிருக்காது. பூட்டுத் தொழிலில் அரம் பிடித்துப் பழகிய கைகளும் இங்கே உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைத்தொழிலுக்குத் தேவைப்படும் பொறுமைதான் கேமராவின் சின்னஞ்சிறு தகடுகளை நேராக்கவும் வேண்டும். ஆனால் தோலுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள உறவு கேமராவின் மேலுறையோடு நிற்பதில்லை. ஃபிலிமின் ஜெலட்டின், விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது. ஊறினால் கொழகொழவென்று ஆகிவிடும் ஜெலட்டினைக் கெட்டிப்படுத்த ஃபிலிம் கழுவுவோர் பயன்படுத்திய பொருள்களில் ஒன்று குரோம் படிகாரம். குரோமிய உப்பு புரத இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடும். தோலைக் குரோம் முறையில் பதனிடும்போது நடப்பதும் அதே பிணைப்புதான். மிஞ்சிய குரோமியம் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீரில் என்ன செய்தது என்பதை இந்த ஊர்க் கிணறுகள் அறியும். பொழுதுபோக்குக்காகப் பசையையும் மின்கலத்தையும் கையாளுபவர்கள் அவற்றைச் சாக்கடையில் விடாமல் தனியே சேர்த்து வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

இனி வெயில். இன்றைய போலராய்டு ஃபிலிமுக்குப் பரிந்துரைக்கப்படும் வெப்பநிலை 13 முதல் 28 டிகிரி செல்சியஸ். திண்டுக்கல் சமவெளியில் பங்குனி தொடங்கி ஆனி வரை பகலில் அந்த மேல்வரம்புக்குள் நிற்பது அரிது. வெப்பம் ஏறினால் உள்ளே எல்லாமே வேகமெடுக்கும், ஆனால் ஒரே அளவில் வேகமெடுக்காது. சாயங்களின் ஓட்டம், படிகங்கள் துலங்குவது, காரம் அடங்குவது ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்து நடக்கும்படி அமைத்த கணக்கு குலைந்து, படத்தில் மஞ்சளோ செம்மையோ படரும். குளிரில் எதிர்மாறாக, நிறங்கள் வெளிறி நீலமாகச் சாயும். ஃபிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறைநிலை அறையில் மட்டும் வைக்கக் கூடாது. உறையிலுள்ள பசை உறைந்தால் கெட்டுவிடும். எடுத்தவுடன் பிரிக்காமல் ஒரு மணி நேரம் வெளியில் வைத்திருந்தால் உள்ளே ஈரம் வேர்க்காது. எடுத்த படத்தைக் கவிழ்த்து ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவின் வெளிப்புறத்தில் ஈரத்துணி சுற்றி வைப்பது வறண்ட சமவெளிக்கு ஏற்ற வழி. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும். குளிருக்குப் போலராய்டே ஒரு தீர்வு தந்தது. பிரித்தெடுக்கும் படத்தை இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே வைத்துச் சட்டைக்குள் உடம்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னது. இன்று சட்டைப்பையே போதும்.

இதைச் சோதிக்க நம் திண்டுக்கல் மாவட்டம் தோதானது. ஒரு பேக்கில் எட்டுப் படம். நான்கைச் சித்திரை மதியத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் எடுங்கள், இரண்டை வெயிலிலும் இரண்டை ஈரத்துணி டப்பாவிலும் துலங்க விடுங்கள். மறுநாள் பேருந்தேறிக் கொடைக்கானலில் அடுத்த நான்கு, இரண்டு குளிர்காற்றிலும் இரண்டு சட்டைப்பையிலும். எடுக்கும் பொருள் எட்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும், ஒரே வெள்ளைத்துணி, ஒரே சிவப்புச் செம்பருத்தி. ஒவ்வொன்றின் முதுகிலும் வெப்பநிலையை எழுதி வரிசையாகப் பரப்பினால், வெள்ளைத்துணி எந்தப் படத்தில் எந்த நிறத்துக்குச் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தே தாமதப் படலத்தின் கடிகாரம் எங்கே முந்தியது, எங்கே பிந்தியது என்று சொல்லிவிடலாம்.